புகை ஓரிடம், புகைபோக்கி ஓரிடம்

சென்ற தை மாதத்தில் ஒலக்கூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். ஒலக்கூர் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: செங்கற்பட்டிலிருந்து விழுப்புரம் போகும் ரயில் பாதையில், திண்டிவனத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால் வருகிற சின்ன ஸ்டேஷன். பெரிய வண்டிகள் அதைப் பார்க்காததுபோல் போய்விடும்; பாசஞ்சர் வண்டி மட்டும் மரியாதையாக நின்று போகும். ஊரைச் சுற்றி ஏரிகள், நெல்லும் கரும்பும், மேட்டு நிலத்தில் மல்லாட்டை, எதுவும் விளையாத இடத்தில் வேலிக்காத்தான். வீடு கட்டியவர் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். முப்பது வருஷ உத்தியோகத்தின் மிச்சத்தையும் மகனுடைய சென்னைச் சம்பளத்தையும் சேர்த்து, அப்பா காலத்து ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, அதே மனையில் மாடி வீடு எழுப்பியிருந்தார். சந்தோஷமான காரியம். அதைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுத உட்காரவில்லை. ஆனால் எழுதி முடிக்கும்போது குறை சொன்ன மாதிரிதான் ஆகும். நண்பர் மன்னிக்க வேண்டும்.

விடியற்காலையில் ஹோமம். புதுக் கூடத்தின் நடுவில் செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, சமித்தையும் நெய்யையும் ஐயர் தாராளமாகவே போட்டார். பத்து நிமிஷத்துக்குள் கூடம் இருண்டுவிட்டது. கான்கிரீட் தளத்தின் அடியில் திரண்ட புகை, போகும் வழி தெரியாமல், மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் மட்டம்வரை இறங்கி வந்தது. முதலில் குழந்தைகள் வெளியே ஓடினார்கள். அடுத்து சம்பந்தி வீட்டார். அப்புறம், கௌரவம் கருதிக் கொஞ்சம் பொறுத்திருந்த என்னைப் போன்றவர்கள். கடைசியில் உள்ளே மிஞ்சியவர்கள் ஐயர், நண்பர், அவர் மனைவி ஆகிய மூவர்தான். வாசல் பந்தலில் நின்று கண்ணைத் துடைத்தபடி எல்லாரும் ஒரே பேச்சுத்தான் பேசினோம். "என்ன புகை! என்ன புகை! கூடத்துக்கு ஒரு ஜன்னல் பெரிதாக வைத்திருக்கக் கூடாதோ?" இத்தனைக்கும் அது அரை மணி நேரப் புகை. சாயங்காலம்வரை வந்தவர் போனவர் எல்லாரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஹோமம் முடிந்ததும் நண்பர் என்னை அழைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார். சமையலறைக்கு வந்தபோது அவர் குரலே மாறிவிட்டது. அக்கினி மூலை தவறாமல் தென்கிழக்கில் அறை. சமைப்பவர் கிழக்கு முகமாக நிற்கும்படி மேடை. மேடைக்குக் கறுப்புக் கிரானைட். மேடைமேல் காஸ் அடுப்பு. அடுப்புக்கு மேலே கண்ணாடியும் எவர்சில்வருமாகப் பளபளவென்று ஒரு பெரிய சாதனம் தொங்கியது. "மின்சாரச் சிம்னி. பையன் வாங்கி அனுப்பினான்" என்று சொல்லி ஒரு பொத்தானைத் தொட்டார். விளக்கு எரிந்தது, உள்ளே ஒரு காற்றாடி உறுமியது. உறிஞ்சுவதற்கு எதுவும் இல்லாததால் கொஞ்சம் உறுமிவிட்டு அடங்கியது.

பிறகு புழக்கடைக்குப் போனோம். மாடிக்கு வெளிப்புறமாகப் படிக்கட்டு வைத்திருந்தார்கள். அந்தப் படிக்கட்டுக்கு அடியில், கட்டடத்தில் வேறு எதற்கும் உதவாமல் முக்கோணமாக மிஞ்சிய இடத்தில், ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரத்தில், மூன்று சிமெண்டுக் கற்கள். கற்களின் மேல் அண்டா. அண்டாவின் கீழே வேலிக்காத்தான் கட்டைகளும் துவரஞ்செடி மிலாறும் பாதி எரிந்தும் பாதி புகைந்தும் கொண்டிருந்தன. முன்னால் குந்தியிருந்தவர் நண்பருடைய தாயார். கையில் ஊதுகுழல். புகை மேலே ஏறி, படிக்கட்டின் அடிப்பலகையில் முட்டி, அந்தக் கிழவியின் முகத்துக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது.

"என்னம்மா, புது வீட்டிலும் இங்கேதானா?" என்றேன்.

"வாப்பா. அண்டாவ அந்த மேடையில வெச்சா கல்லு கீறிப்புடுமாம். எனக்கு இது பழக்கந்தான்" என்றார், சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

"சொன்னால் கேட்கமாட்டாள். அவளுக்கு விறகடுப்புத்தான் பிடிக்கும்" என்றார் நண்பர்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மனைவியிடம் மெதுவாக விசாரித்தேன். "காப்பிக்கும் டிபனுக்கும் கேஸு இருக்குதுண்ணா. பெரிய சோறு, குளிக்கத் தண்ணி, மாட்டுக்குத் தவுட்டுக் கஞ்சி, எல்லாம் விறவுலதான். கொல்லையில விறவு சும்மா கெடக்குது; அதுக்குமா சிலிண்டர் வாங்குவாங்க? இவுங்க வாங்கமாட்டாங்க" என்று சிரித்தார். மாமியாருக்குப் பிறகு அந்தப் படிக்கட்டுக்கு அடியில் குந்தப்போகிறவர் அவர்தான். அது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். காஸ் அடுப்பில் புகை இல்லை. தாளிக்கும்போது கொஞ்சம் எண்ணெய் ஆவி எழும், அவ்வளவே. அதற்குப் பல ஆயிரம் ரூபாயில் ஒரு சிம்னி. விறகடுப்பில் புகையைத் தவிர வேறு வருமானம் குறைவு. மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் அதற்குச் சற்று மேல், பாத்திரத்தில் ஏறினால் அதிகம். மற்றதெல்லாம் ஆகாயத்துக்கும் சமைப்பவள் முகத்துக்கும். அந்த அடுப்புக்கு நான்கு முழம் குழாய்கூட இல்லை. புகை ஓரிடம், புகைபோக்கி ஓரிடம். இந்த வேடிக்கையை ஒலக்கூரில் மட்டும் பார்த்திருந்தால் நண்பரைக் கேலி செய்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். அதற்குப் பிறகு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன். திண்டிவனம் தாலுகாவில் நான் நுழைந்த புது வீடுகளில் பாதிக்கு மேல் இதே படிக்கட்டு, இதே முக்கோணம், இதே மூன்று கல்.

பழைய வீட்டில் என்ன புகைபோக்கி இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய வீட்டின் கூரையே புகைபோக்கி. கீற்றுக் கூரையும் நாட்டு ஓடும் ஆயிரம் இடுக்குகள் கொண்டவை. புகை அவற்றின் வழியே கசிந்து வெளியேறும். முழுவதும் போய்விடும் என்று சொல்லவில்லை. உத்தரம் எல்லாம் கரி பிடித்துக் கிடந்ததை நாம் பார்த்திருக்கிறோம். ஆனாலும் அந்தப் புகைக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. கூரையில் பூச்சி அண்டாமல் காத்தது. அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கிய விதைக்கதிரை வண்டு துளைக்காமல் காத்தது. அந்தக் கூரைகளை நாம் எடுத்துவிட்டோம். எடுத்ததில் தவறில்லை, ஒவ்வொரு கோடையிலும் தீயில் எரிந்து ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒழுகிய கூரைக்காக அழ நான் தயாராக இல்லை. ஆனால் கூரையை எடுத்தபோது அதோடு புகையின் வழியையும் எடுத்துவிட்டோம் என்பது கட்டியவருக்கும் தோன்றவில்லை, கட்டச்சொன்னவருக்கும் தோன்றவில்லை. கான்கிரீட்டில் இடுக்கு கிடையாது. இருந்தால் மேஸ்திரியின் பேர் கெட்டுவிடும்.

பனி கொட்டும் தேசங்களில் வீட்டுக்கு அடியில் நிலவறை தோண்டி, அதில் பெரிய இரும்பு அடுப்பை வைத்து, விறகை எரித்து, வீடு முழுவதையும் சூடாக்குகிறார்கள். அங்கே புது வீட்டுக்காரர் அடுப்பை வாங்குவதற்கு முன்பே புகைக்குழலைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பார்: கூரைக்கு மேல் எவ்வளவு உயரம், உள்ளே என்ன பூச்சு, வருஷத்துக்கு எத்தனை முறை கரி தட்டுவது என்று. அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்கிளின், தாம் அமைத்த அடுப்பைப் பற்றி 1744லேயே தனியாக ஒரு பிரசுரம் எழுதி வெளியிட்டார். அவருக்கு ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, கணப்பு அடுப்பின் தொண்டையை எவ்வளவு குறுக்கினால் புகை அறைக்குள் திரும்பாது என்பதை ரம்போர்டு பிரபு கணக்குப் போட்டுச் சொன்னார். இவ்வளவு தூரம் போவானேன்? ஊட்டிக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளைக்காரன் கட்டிய பங்களாக்களின் கூரையில் இன்றைக்கும் புகைக்கூண்டுகள் நிமிர்ந்து நிற்கின்றன. குளிருக்காக மூட்டும் தீக்குப் புகைபோக்கி வைக்க யாரும் மறந்ததில்லை. காரணம் ரொம்பச் சாதாரணமானது: அந்தத் தீயின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்கிறவர் வீட்டுக்காரர். வீட்டுக்காரர் கண்ணில் புகை பட்டால் கொத்தனார் மறுநாளே வந்துவிடுவார்.

நம் கைவினைஞர்களுக்கு இந்த வித்தை தெரியாது என்றும் சொல்ல முடியாது. முன்பு வசதியுள்ள வீடுகளில் வெந்நீருக்கென்று தாமிர பாய்லர் வைத்திருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? நடுவில் ஒரு குழல், அதற்குள் நெருப்பு, குழலைச் சுற்றி நீர், புகை நேராக மேலே. கன்னார் தெருவில் தட்டிச் செய்த அந்தப் பாண்டம் புகைபோக்கியின் தத்துவம் முழுவதையும் அறிந்திருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஆண்பிள்ளையின் வெந்நீருக்குப் புகைபோக்கி உண்டு. பக்கத்திலேயே சோறு வடித்தவளுக்குக் கிடையாது. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

யோசித்தவர்களே இல்லை என்பதும் இல்லை. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தி வந்தார். அங்கே மகன்வாடியிலிருந்து, நாடு சுதந்திரம் அடைந்த வருஷத்தில், 'மகன் சூலா' என்ற மண் அடுப்பு வெளிவந்தது. விறகுக்கு ஒரு வாய், பாத்திரங்களுக்குத் துளைகள், புகைக்கு ஒரு குழல்; மண்ணைத் தவிரப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற எஞ்ஜினீயர் இதே வேலையை இன்னும் நுணுக்கமாகச் செய்தார். கோடிக்கணக்கான ஏழைகளுக்குப் புகையில்லாச் சமையலறை வேண்டும் என்று அவர் எழுதிய சிறு புத்தகம் 1953ல் நம் சென்னையிலேயே அச்சாயிற்று. அணை கட்டுவதும் உருக்காலை வைப்பதுமே எஞ்ஜினீயர்களின் பெருமையாக இருந்த காலத்தில் ஒருவர் உட்கார்ந்து அடுப்பை யோசித்தார் என்பதே எனக்கு ஆச்சரியம். பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் 'அஸ்திரா' குழுவினர் பின்னால் செய்த மூன்று துளை அடுப்பும் இந்த வம்சந்தான்.

அப்படியானால் அந்த அடுப்புகள் எல்லாம் எங்கே போயின? சர்க்கார் 1983ல் நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் போட்டுப் புகையில்லா அடுப்பு கட்டிக் கொடுத்தது. 2002 வாக்கில் மூட்டை கட்டியபோது கணக்கில் மூன்று கோடிக்கு மேல் அடுப்புகள் இருந்தன. கணக்கில் இருந்தன என்றுதான் சொல்கிறேன். எண்ணிக்கைக்காகக் கட்டியதில் பாதிப் பாத்திரம் துளையில் உட்காரவில்லை. குழாயில் கரி அடைத்தால் தட்டிவிட ஆள் இல்லை. உடைந்த குழாய் உடைந்ததுதான். பிற்பாடு ஒடிசாவில் 44 கிராமங்களில் இம்மாதிரி அடுப்புகளைக் கொடுத்து, சில பொருளாதார நிபுணர்கள் வருஷக்கணக்கில் கவனித்தார்கள். முதல் வருஷம் புகை குறைந்தது. அதன்பின் பழுது பார்ப்பார் இன்றி அடுப்பும் போயிற்று, குறைந்த புகையும் திரும்பி வந்தது. இதை வைத்துக்கொண்டு, 'பார்த்தீர்களா, ஜனங்களுக்கு அக்கறை இல்லை' என்று சொல்லும் உத்தியோகஸ்தர்களைச் சந்தித்திருக்கிறேன்.

அவர்கள் மறந்துவிட்ட ஒரு சங்கதி உண்டு. அந்தத் திட்டம் நடந்த காலத்தில் நம் கிராமங்களில் பெரும்பாலும் கீற்றுக் கூரைதான். கொதிக்கிற குழாயைக் கீற்றின் வழியாக வெளியே விடு என்றால் எந்தக் குடித்தனக்காரி சம்மதிப்பாள்? ஒரு பொறி போதுமே, தெருவே போய்விடும். அதற்குப் பயந்து பலர் குழாயைக் கூரைக்குள்ளேயே நிறுத்திக்கொண்டார்கள். சிலர் பிடுங்கிப் போட்டார்கள். அது அறியாமை அல்ல, புத்திசாலித்தனம். இன்று கூரை கான்கிரீட். புகைக்குழலை அதன் வழியே தைரியமாக மேலே கொண்டுபோகலாம். எந்தப் பயத்தால் அந்த அடுப்பு தோற்றதோ அந்தப் பயம் போனபோது அடுப்பையே மறந்துவிட்டோம். தமிழ்நாட்டில் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவது என்று 2010ல் புறப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஆட்சி மாறி, 300 சதுர அடியில் பசுமை வீடு என்றார்கள். அதில் சூரிய வெளிச்சத்தால் எரியும் விளக்குகள் உண்டு. அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே, 1985ல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்தின் விதிகளில், ஒவ்வொரு வீட்டுக்கும் கக்கூஸும் புகையில்லா அடுப்பும் வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். விதி எழுதியவர் யாரோ, சமையலறைக்குள் ஒரு முறையாவது போனவர். 2016ல் அந்தத் திட்டம் பிரதம மந்திரி பெயரில் புதிதாக வந்தபோது, 25 சதுர மீட்டர் வீட்டில் சுகாதாரமான சமையலுக்கென்று இடம் ஒதுக்கச் சொன்னார்கள். சுகாதாரம் என்றால் காஸ் என்று அர்த்தம். காஸ் வந்துவிடும், பிறகு புகை ஏது என்பது நினைப்பு.

அப்படிக் கட்டிய ஒரு வீட்டில் போன மாதம் ஒரு மழை நாளில் ஒதுங்கி நின்றேன். ஊரும் பேரும் வேண்டாம். அறுவடைக் கூலிக்குப் போகும் பெண், இரண்டு குழந்தைகள். காஸ் அடுப்பு சமையலறை மூலையில் துணி போர்த்தி வைத்திருந்தது, கொலு பொம்மை மாதிரி. சிலிண்டர் காலி. வெளியே மழை, ஆகவே மூன்று கல்லும் உள்ளே வந்துவிட்டன. ஈர விறகு. நான்கு சுவரும் கான்கிரீட் தளமும் கொண்ட ஒரு பெட்டிக்குள் அந்தப் புகையோடு நான் இருந்தது கால் மணி நேரம். அந்தச் சின்னப் பெண் அதற்குள் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

இங்கேதான் என் எதிராளி வருகிறார். "எல்லார் வீட்டுக்கும் காஸ் கொடுத்தாகிவிட்டதே, இன்னும் விறகடுப்பைப் பற்றி ஏன் ஸார் பேசுகிறீர்கள்?" என்கிறார். கொடுத்தது வாஸ்தவம். 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழ்நாட்டில் இலவசக் காஸ் அடுப்பு கொடுத்தார்கள். 2016 மே முதல் தேதி உத்தரப் பிரதேசத்தில் பலியா என்ற ஊரில் ஆரம்பித்த உஜ்வாலா திட்டம் கோடிக்கணக்கான வீடுகளை எட்டிவிட்டது. நான் அதைக் கேலி செய்யமாட்டேன். காஸைப்போல் சமையல்காரிக்கு நன்மை செய்தது எதுவும் இல்லை. ஆனால் அடுப்பு ஒரு முறை வாங்குவது. சிலிண்டர் மறுபடி மறுபடி வாங்குவது. 14.2 கிலோ சிலிண்டரின் விலை 2022ல் சென்னையில் ஆயிரம் ரூபாயைத் தாண்டிற்று. பிறகு குறைத்தார்கள், மானியமும் கொடுத்தார்கள். அப்படியும், உஜ்வாலா வீடுகள் சராசரியாக வருஷத்துக்கு நான்கைந்து சிலிண்டருக்கு மேல் வாங்குவதில்லை என்று சர்க்கார் கணக்கே சொல்லிற்று. மூன்று வேளையும் காஸிலேயே சமைக்கிற குடும்பத்துக்கு நான்கைந்து சிலிண்டர் பாதி வருஷம் வருமா? மிச்ச நாளெல்லாம் எதில் பொங்கினார்கள் என்று யாராவது கேட்க வேண்டாமா? ஜனத்தொகை, ஆரோக்கியம் இதையெல்லாம் கணக்கெடுக்க வருகிறவர்கள் 'முக்கியமாக எதில் சமைக்கிறீர்கள்?' என்று ஒரு பதில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். என் நண்பர் வீட்டில் அதற்குப் பதில் 'காஸ்' என்றுதான் எழுதப்பட்டிருக்கும். படிக்கட்டுக்கு அடியில் இருப்பது எந்தக் கணக்கிலும் வராது.

எதிராளி இன்னொன்றும் சொல்வார்: பழக்கம். கிழவிக்கு விறகடுப்புத்தான் பிடிக்கும், கிராமத்துப் பெண்களுக்கு அதுதான் ருசி, இலவசமாகக் கொடுத்தாலும் மாறமாட்டார்கள் என்று. இதற்குப் பதிலை நம் மாவட்டத்துப் பெண்களே கொடுத்துவிட்டார்கள். அன்றைய விழுப்புரம் மாவட்டத்திலும் நாகப்பட்டினத்திலும் 800 கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டு, சென்னை போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் ஒரு பெரிய ஆராய்ச்சியில் கலந்துகொண்டார்கள். குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் சேர்த்து மொத்தம் 3,200 பேர். பாதிப் பேருக்குக் காஸ் அடுப்பையும் சிலிண்டரையும் 18 மாதம் காசு வாங்காமல் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். என்ன ஆயிற்று? அநேகமாக எல்லாரும் விறகடுப்பை மூடிவிட்டார்கள். பழக்கம், ருசி, பாட்டி காலத்து வழக்கம் எல்லாம் ஒரு வாரத்துப் பேச்சு. அவர்கள் சுவாசித்த புகைத்துகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: பிறந்த குழந்தைகளின் எடை இதனால் கூடும் என்று எதிர்பார்த்தார்கள், 2022ல் முடிவு வந்தபோது அப்படிக் கூடவில்லை. புகையின் கெடுதல் ஒன்பது மாதத்தில் தீர்ந்துபோகிற சமாச்சாரம் அல்ல என்று நினைக்கிறேன். எப்படியோ, 'பழக்கம்' என்ற வார்த்தையை இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அந்தப் பழக்கத்துக்கு விலை என்று பெயர்.

அந்த ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் 2002லேயே தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளுக்குள் கருவியோடு போய்ப் புகையை அளந்தார்கள். விறகும் வரட்டியும் எரிக்கிற வீடுகளில் சமையல் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம்வரை தூசி. நம் தேசத்துச் சட்டம் வெளிக்காற்றின் நுண்துகளுக்கு ஒரு நாள் சராசரியாக அனுமதிப்பது 60. (துகளை அளக்கும் முறை இரண்டுக்கும் கொஞ்சம் வேறு, அது சமையல் நேரத்து அளவு, இது நாள் முழுவதற்குமான சராசரி. ஒரு பிரமாணத்துக்காகச் சொல்கிறேன்.) டெல்லியில் காற்று கெட்டால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுகிறார்கள். அடுப்பங்கரைக்கு விடுமுறை விட்டவர் யாரும் இல்லை. வீட்டுக்குள் புகையும் அடுப்புகளால் 2020ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் கணித்திருக்கிறது.

இதற்கு நடுவில் ருசிக்காரர்கள் வேறு வருகிறார்கள். சென்னையிலிருந்து திண்டிவனம் வரும் நெடுஞ்சாலையின் இருபுறமும் 'விறகடுப்புச் சமையல்' என்று போர்டு வைத்த ஓட்டல்கள். காரை நிறுத்தி, ஏஸி அறையில் உட்கார்ந்து, "அந்தக் காலத்து ருசி" என்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ருசி மண்சட்டியில் இருக்கிறது, நின்று எரியும் தணலில் இருக்கிறது. சமைப்பவள் தொண்டைக்குள் போகும் புகையில் இல்லை. அவளுக்கு மேலே ஒரு கூண்டு கட்டிவிட்டால் குழம்பின் ருசி ஓடிவிடாது.

ருசிக்காரர்களைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை? என் நாவல்களில் குறைந்தது மூன்று அத்தியாயங்கள், கிராமத்துக் கூரைகளின் மேல் காலை வேளையில் நீலப் புகை எழும்புவதில்தான் ஆரம்பிக்கின்றன. வாசகர்கள் அதைப் பாராட்டிக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். நான் வீடு கட்டியபோது, எழுதும் அறைக்குக் காற்று வேண்டும் என்று எஞ்ஜினீயரோடு சண்டை பிடித்து மூன்று ஜன்னல் வைத்தேன். வெந்நீர் அடுப்பு கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவில். என் தாயார் பன்னிரண்டு வருஷம் தினமும் விடியற்காலையில் அங்கே குந்தி ஊதினார். கடைசி நான்கு வருஷம் அவருக்கு இளைப்பு. டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "அம்மா பீடி, சுருட்டு ஏதாவது குடிப்பதுண்டா?" என்று கேட்டார். நான் கோபித்துக்கொண்டேன். அவர் கேட்டதன் பொருள் எனக்கு ஒலக்கூர்ப் படிக்கட்டின் முன்னால் நின்றபோதுதான் விளங்கிற்று.

விஞ்ஞானிகளில் ஒரு சாரார், புகைபோக்கியால் மட்டும் தீராது என்கிறார்கள். குஜராத் கிராமங்களில் அடுப்புப் புகையை ஆரம்ப காலத்திலேயே அளந்த கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்கர், 2020ல் காலமானவர், கடைசிவரை இதை வற்புறுத்தினார்: குழாய் வைத்தால் புகை வீட்டை விட்டுத் தெருவுக்குப் போகிறது, தெருவிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போகிறது, ஏழைக்கும் காஸ் கொடுங்கள் என்று. அவர் சொன்னது சரி. வருஷத்துக்குப் பத்து சிலிண்டர் வாங்கும்படியான விலைக்கு அந்த அறுவடைக் கூலிக்காரிக்குக் காஸ் கொடுக்கட்டும். நான் இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போடுகிறேன். அதுவரைக்கும், அவள் விறகில்தான் சமைக்கப்போகிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும்போது, தெரியாதது மாதிரி வீட்டுக்குப் பிளான் போடுவது என்ன நியாயம்? பிளானில் பூஜை அலமாரிக்கு இடம் உண்டு. டெலிவிஷனுக்குச் சுவரில் தனிப் பிறை உண்டு. வாஸ்துக்காரர் அக்கினி எந்த மூலை என்று அங்குலக் கணக்கில் சொல்கிறார். அக்கினியின் புகை எந்த வழி என்று அவரையும் யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

பிரமாதமான காரியம் ஒன்றும் இல்லை. கொல்லைப்புறம் நின்று சமைக்கும் உயரத்தில் ஒரு மேடை. அதில் செங்கல்லும் மண்ணும் வைத்து மூடிய அடுப்பு. பாத்திரம் துளையில் இடைவெளியின்றி உட்கார வேண்டும். பின்பக்கத்திலிருந்து செங்கல் கூண்டோ தகரக் குழலோ வளைவு அதிகம் இல்லாமல் நேரே மேலேறி, மாடிக் கைப்பிடிச் சுவரையும் தாண்ட வேண்டும். அந்தக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வைத்தார்கள். அது வேறு விதத்தில் நுரையீரலைக் கெடுக்கும், வேண்டாம். மாதம் ஒரு முறை கரி தட்ட அடியில் ஒரு சின்னக் கதவு. விறகை ஒரு பருவம் காயவிட்டு எரிக்க வேண்டும். பச்சை விறகில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான், அது எரிவதில்லை, புகைகிறது. கொத்தனாருக்கு ஒரு நாள், சிற்றாளுக்கு ஒரு நாள். தலைவாசல் கதவுக்குப் பாலிஷ் போட்ட கூலி இதைவிட அதிகம்.

இதையெல்லாம் ஒலக்கூர் நண்பருக்கு விவரமாகவே எழுதினேன். கோபித்துக்கொள்ளவில்லை, பெரிய மனசுக்காரர். போன வாரம் போனில் கூப்பிட்டார். மேஸ்திரியை அழைத்துக் காட்டினாராம். படிக்கட்டுக்கு அடியில் குழாய் போகாது, அடுப்பைச் சுவர் ஓரமாக மாற்றிக் கட்ட வேண்டும் என்று மேஸ்திரி சொன்னாராம். அது சரி, செய்துவிடலாம். ஆனால் குழாயை மாடிக்கு மேல் தூக்கினால் தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வீட்டின் தலையில் கறுப்பாக ஒன்று நீட்டிக்கொண்டு தெரியுமே, முன்பக்கத்து அழகு கெட்டுவிடுமே என்று அவருக்கும் பையனுக்கும் யோசனையாக இருக்கிறது. பாதியிலேயே வளைத்து மதில்பக்கம் விட்டுவிடலாமா என்று கேட்டார்.

கைப்பிடிச் சுவருக்கு மேல் இன்னும் மூன்றடி தூக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் கேட்டுக்கொண்டு சொல்கிறேன் என்றார்.